மணி அக்காவின் குரலை எடுத்துவிட்ட காட்சி

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால் எந்த மைக் வாங்கலாம் என்றுதான் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் வேலையை விட்டபிறகு வந்த சாமான்களின் பெயர்கள் எனக்கு வாயிலேயே வருவதில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறொன்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காததெல்லாம் கேட்கும். கேட்டபிறகு என்ன செய்வது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. வீட்டைப் பூட்டிவிட்டு மெட்ரோ வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். மழை வருமோ, பற்றரி தீருமோ, மாப்பிள்ளை வரமாட்டாரோ என்று எல்லாவற்றுக்கும் பயம். பரிஸில் எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லா சப்பலில் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று வீடியோ எடுத்துத் திரிந்த காலத்தில், சபையில் எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்பவன் நான் ஒருவன்தான். வீடியோக்காரன் ஏன் அழுகிற முகத்தோடு நிற்கிறான் என்று ஒரு மாப்பிள்ளையின் தாய் கேட்டே விட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரில் போர் முடிந்து, அதற்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், அங்கே ரூ காய் என்ற தெருவில் நான் வேலை செய்த வீடியோக் கடைக்கு ஓர் ஆர்மீனியப் பெண்மணி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பின்னால் சில்லு வைத்த காய்கறிப் பை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்ததால், வழிதவறி வந்த கிழவி என்று நினைத்தோம். பையைத் திறந்தார். மேலே ஒரு கட்டு வெங்காயத்தாள், அதற்குக் கீழே கமரா.

"நான் ஆவணப்படம் எடுப்பவள். எனக்குத் தமிழ் தெரியாது. ஒலியும் பிடித்து, ஆட்கள் பேசுவதையும் எனக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்" என்றார் பிரெஞ்சில்.

கடைக்காரர் என்னைக் காட்டிவிட்டார். "இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ மதாம். எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. நான் கடைசிவரை மதாம் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'முசியே சூசி' என்றார், கவலைக்கார ஐயா என்று அர்த்தம். ஆர்மீனியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. மாணவியாக இருந்தபோது வந்த நிலநடுக்கத்தில் தகப்பன் போய்விட்டார், அதற்குப் பிறகு பரிஸ், கொஞ்சக் காலம் வீடு துப்புரவாக்கும் வேலை, பிறகு படம். இவ்வளவும் அவர் சொல்லி எனக்குத் தெரியவந்தது ஒரேநாளில் அல்ல. கேட்டால் சொல்லமாட்டார், கேட்காவிட்டால் சாப்பிடும்போது சொல்வார்.

அவர் படமெடுக்க நினைத்தது பரமேஸ் என்ற பெண்ணை. ரூ காயில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைப்பவர். என்னைவிட இளையவர், என்னை அண்ணை என்பார். போரின் கடைசி மாதங்களில் அவருடைய கணவர் ஊரிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசினார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. பரமேஸ் ஒவ்வொரு நாளும் குங்குமப் பொட்டு வைத்து, தாலியை வெளியில் தெரியப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். அதைப் பார்த்துவிட்டு நம் சனம் பின்னால் கதைத்தது. கதைக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும்.

முதல்நாள் நாங்கள் போனபோது பரமேஸ் தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு, காஞ்சிபுரமும் நகையுமாக நின்றார். மேசை நிறைய ரோல்ஸ், வடை, கேக். கமரா வருகிறதென்றால் நம் ஆட்கள் அப்படித்தான். நானும் என் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

"தங்கச்சி, கத்தரிக்கோலை ஒருக்கால் எடுங்கோ. ஆ, இப்ப திரும்பவும். இஞ்சாலை பாத்துச் சிரிச்சுக்கொண்டு."

மதாம் என்னைப் பார்த்தார். "ஏன் அவளை இரண்டாம்முறை செய்ய வைக்கிறீர்கள்? முதல்முறை செய்ததில் என்ன பிழை?"

அன்றைக்கு அவர் கமராவை வெளியே எடுக்கவே இல்லை. வடையை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார், பிளவுஸில் கொக்கி வைப்பது எப்படி என்று கேட்டார், போய்விட்டார். நாள் வீணாகிவிட்டது, என்னை நிற்பாட்டிவிடுவார் என்று நான் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அடுத்தநாளும் அதே மாதிரி. அதற்கடுத்த நாளும். ஒருநாள் பரமேஸ் பழைய சட்டையோடு, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் வெங்காயத்தாள் மேசைக்குப் போய், கமரா வெளியே வந்தது.

பரமேஸின் வீடு பரிஸுக்கு வெளியே லா கூர்னெவ்வில். அங்கே எடுத்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் மதாம் ஒரு கதை சொன்னார். ஆர்மீனியாவில் ஒரு கிராமம், ஆண்கள் எல்லாரும் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். சிலர் திரும்பி வருவதில்லை. காத்திருக்கும் பெண்களைப் பற்றி அவர் ஒரு படம் எடுத்தார். அதில் ஒருத்தியைப் பற்றி, அவளுடைய புருஷன் அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று அயல்வீட்டுக்காரி சொல்வது பதிவாகியிருந்தது. படத்துக்கு அது மிகவும் நன்றாக இருந்தது, வைத்துவிட்டார். கிராமத்தில் பெண்கள் சேர்ந்து ஒரே அடுப்பில் ரொட்டி சுடுவார்களாம். படம் வந்தபிறகு அந்தப் பெண் அந்த அடுப்படிக்குப் போகவில்லை. பிறகு ஊரிலேயே இல்லை.

"படம் பரிசு வாங்கியது" என்றார். "இப்போது நான் எடுத்ததை முதலில் பார்ப்பது அதில் இருக்கிறவர். ஓர் இடத்தை வெட்டி எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுவேன். அது என்னுடைய சட்டம். அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்காது, முசியே சூசி."

இதை நினைவில் வைத்திருங்கள்.

நிலானி என்று ஒரு பிள்ளை, பிரான்சிலேயே பிறந்தது, தன் கலியாணச் சேலைக்கு பிளவுஸ் தைக்க பரமேஸிடம் வந்தது. அளவெடுக்கும்போது நாங்களும் நின்றோம். கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளை திடீரென்று கேட்டது.

"அன்ரி, ஆலாத்தி எடுக்க ரெண்டு பேர் வேணுமாம். ஒரு ஆள் நீங்கள், சரியா?"

பரமேஸின் கையில் அளவுநாடா அப்படியே நின்றது. ஆலாத்தி என்றால் தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் திரி கொளுத்தி மணமக்களின் முன்னால் சுற்றுவது. எங்கள் வழக்கத்தில் அதைக் கணவன் உயிரோடு இருக்கிற பெண்கள்தான் செய்வார்கள். பிள்ளை தெரிந்து கேட்டதா, தெரியாமல் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பரமேஸுக்கு அந்தத் தட்டு என்னவென்று நன்றாகத் தெரியும். சபை நிறைந்த இடத்தில் அதைக் கையில் கொடுத்தால், அவருடைய மனுசன் இருக்கிறார் என்று ஊரே ஒத்துக்கொண்ட மாதிரி.

"ஓம், எடுக்கிறன்" என்றார், மிகவும் மெதுவாக.

கலியாணம் பரிஸுக்கு வெளியே பொண்டியில் ஒரு மண்டபத்தில். காலையிலேயே போய்விட்டோம். பரமேஸின் சேலை மடிப்புக்குள் ஒரு சின்ன மைக் வைத்தேன். அவர் மண்டபத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அவருடைய குரலும் அவரோடு பேசுகிறவரின் குரலும் என் ஹெட்போனில் கேட்கும். சபையைக் குழப்பாமல், மதாமும் நானும் தூரத்தில் கதவோரம் நின்றோம். வழமைபோல மைக்கின் பற்றரியைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்தது. ஆலாத்திக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, மணி அக்கா பரமேஸிடம் வந்தார். மணி அக்கா பெண்ணின் தகப்பனுடைய தமக்கை, பெண்ணுக்கு மாமி. அன்றைக்கு எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தவர். கெட்ட மனுசி இல்லை. குனிந்து, தோளில் கை வைத்துத்தான் பேசினார்.

"பரமேஸ், குறை நினைக்காதை. நீ கொஞ்சம் பின்னுக்குப் போய் இரு. நான் சந்திராவைக் கேட்டிருக்கிறன்."

"பிள்ளைதான் என்னைக் கேட்டது, அக்கா."

"பிள்ளைக்கு என்ன தெரியும், அது பிரெஞ்சுக்காரி. உன்ரை ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல காரியம். பேந்து எங்கடை பிள்ளைக்கு ஏதும் ஒண்டு எண்டால் உனக்குத்தான் மனசு கேளாது."

மணி அக்கா மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஹெட்போனில் மேளச் சத்தமும் பரமேஸின் மூச்சும் மட்டும் இருந்தன.

மதாம் கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பரமேஸின் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். "என்ன சொன்னாள்?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால், பதிவுப் பெட்டியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு இருந்தது. அதைக் குறைத்தால் பதிவு இல்லை. மதாமுக்குச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று தெரியாது. கமராவோடு போய் மணி அக்காவின் முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டால்? ஒரு பிள்ளையின் கலியாணம் குழம்பும். சொல்லாமல் விட்டால், பரமேஸ் பின்வரிசைக்குப் போய் இருப்பார், மதாம் அதைக் களைப்பு என்று நினைப்பார், அந்த நாளில் நடந்தது ஒன்றுமே நடக்காதது மாதிரிப் போய்விடும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பயம் வந்தால் கை அசையாது. என் கை அசையவில்லை.

அப்போது பரமேஸின் குரல் கேட்டது. யாரையும் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டு, மைக்குக்குள் பேசினார்.

"அண்ணை, கேட்டனீங்கள்தானே. நிப்பாட்டிப் போடாதையுங்கோ."

நான் தூரத்திலிருந்து தலையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மதாமுக்குச் சொல்லுங்கோ, நான் மேடைக்குப் போகப்போறன் எண்டு. என்ரை முகத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. காலைப் பாக்கவேண்டாம், கால் நடுங்குது."

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மணி அக்கா சொன்னதையும் பரமேஸ் சொன்னதையும் ஒரே மூச்சில் பிரெஞ்சில் சொன்னேன். என் பிரெஞ்சு எப்போதும் தடக்கும். அன்று தடக்கவில்லை. மதாம் கமராவை முக்காலியிலிருந்து கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். மணி அக்காவிடம் போகவில்லை. மேடைக்குக் கீழே, கலியாண வீடியோக்காரர்கள் இருவரும் நிற்கிற இடத்தில் மூன்றாவது ஆளாகப் போய் நின்றார்.

பரமேஸ் எழும்பினார். நடந்தார். மேடைப்படியில் ஒருமுறை நின்றார், பிறகு ஏறினார். சந்திரா, ஆலாத்திக்கு நின்ற மற்றப் பெண்ணுக்குப் பக்கத்தில், தட்டோடு நின்றார். மணி அக்கா இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார். "அன்ரி, இஞ்சாலை வாங்கோ" என்று நிலானி கையைக் காட்டியது. சந்திரா தட்டைப் பரமேஸின் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். பரமேஸின் இடத்தில் நிற்பது அவருக்கும் பிடிக்கவில்லைபோல.

மணி அக்கா வாயைத் திறந்தார். திறந்தபோதுதான் மூன்று கமராக்களைக் கண்டார். நம் ஆட்கள் எத்தனை கலியாணங்களில் எத்தனை வீடியோக்களுக்கு நின்றிருப்பார்கள். அது உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. மணி அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது ரயிலில் எனக்கு அடுத்த கவலை. "கமரா இல்லாவிட்டால் பரமேஸ் போயிருப்பாவா மதாம்? மணி அக்கா விட்டிருப்பாவா? அப்படியென்றால் இது உண்மையா?"

"தெரியாது" என்றார். "உங்களுக்கும் தெரியாதுதானே. அப்படியென்றால் வீடியோக்காரர்களின் முதுகும் படத்தில் தெரியட்டும். பார்க்கிறவர்களும் நம்மோடு சேர்ந்து யோசிக்கட்டும்."

சில மாதங்கள் கழித்து, வெட்டி ஒட்டிய காட்சியை ஒரு சின்னக் கணினியில் போட்டுக்கொண்டு சேலைக் கடையின் பின்னறைக்குப் போனோம். பரமேஸ் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மணி அக்காவின் குரல் அந்தச் சின்ன அறையில் மிகவும் பெரிதாகக் கேட்டது. 'உன்ரை ஆள் இருக்கிறாரோ இல்லையோ.' மதாம் அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். படத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார்.

முடிந்ததும் பரமேஸ் கேட்டார். "அண்ணை, மணி அக்கான்ரை சத்தத்தை எடுக்கேலுமோ?"

"ஏன், உங்களுக்கு வெக்கமா இருக்கோ?"

"எனக்கென்ன வெக்கம். அவவுக்குத்தான். அவவும் இஞ்சைதானே இருக்கவேணும். மரக்கறி வாங்க இந்த ரோட்டாலைதானே வரவேணும்." நூலை அறுத்துவிட்டுத் தொடர்ந்தார். "என்ரை முகம் இருக்கட்டும். நடந்தது இருக்கட்டும். அவ சொன்னது வேண்டாம்."

நான் மொழிபெயர்த்தேன். மதாமுக்கு முகம் கறுத்துவிட்டது. வெளியே போய்விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரூ காயில், பக்கத்துக் கடையின் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்டிருக்கவேண்டும், மதாம் தலையை ஆட்டினார். பரமேஸ் என்னிடம், "கோவமோ?" என்றார். "அவ போட்ட சட்டம்தான். அதுதான் கோவம்" என்றேன்.

மதாம் திரும்பி வந்தபோது கையில் ஒரு பை முருங்கைக்காய் இருந்தது. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. பையைப் பரமேஸின் மேசையில் வைத்தார்.

"சரி. எடுத்துவிடுகிறேன்" என்றார்.

மணி அக்காவின் குரல் இருந்த இடத்தில் மண்டபத்தின் மேளச் சத்தத்தை நான்தான் வைத்தேன். மணி அக்காவின் வாய் அசையும், சொல் கேட்காது. பரமேஸின் முகம் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். வேலை முடிந்து போட்டுப் பார்த்தபோது மதாம் எழும்பிப் போய்க் கோப்பி போட்டார். அவருக்குப் பிடித்திருந்தால் அப்படித்தான், வாயால் சொல்லமாட்டார். பின்னால் நின்று அந்தக் காட்சியைத் திரும்ப ஓடவிடச் சொன்னார்.

படத்தை லா சப்பலில் ஒரு மண்டபத்தில் போட்டோம். மணி அக்கா வந்தார், தன் மகளோடு. காட்சி வந்தது. பரமேஸின் தோளில் தன் கை, அசைகிற தன் வாய். முன்வரிசையில் யாரோ, "அக்கா என்ன சொல்லுறா?" என்று கேட்டார்கள். "ஆலாத்திக்கு ஆயத்தப்படுத்தச் சொல்லுறாவாக்கும்" என்றார் இன்னொருவர். மணி அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தார். முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் கனநாள் கவலைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் மணி அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு பரமேஸிடம் கலியாண பிளவுஸ் தைக்க வந்தார். அந்தக் கலியாணத்துக்கு வீடியோ எடுக்க என்னைப் பிடித்தார்கள். நான் வேலையை விடுவதற்கு முன் எடுத்த கடைசிக் கலியாணங்களில் அது ஒன்று. மதாமுக்கும் அழைப்பு. பரமேஸ் தைத்துக்கொடுத்த பிளவுஸும் சேலையுமாக மதாம் வந்தார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காய்கறிப் பை வீட்டில்.

பரமேஸின் கணவரைப் பற்றி அன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை. பொட்டு இருந்தது, தாலி இருந்தது. கூப்பிடாமல் மேடைக்குப் போகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பரமேஸ் சனத்துக்கு நடுவில் ஒரு கதிரையில் இருந்தார்.

நான் மாப்பிள்ளையின் வேட்டிச் சால்வையில் மைக் வைத்திருந்தேன். ஆலாத்தி நேரம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற மணி அக்காவின் குரல் என் ஹெட்போனில் பெரிதாக வந்தது. மதாம் சேலையைப் பிடித்தபடி என் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொல்கிறாள்?"

இந்தமுறை நான் உடனே சொன்னேன். "'பரமேஸ், என்ன இருந்துகொண்டிருக்கிறாய், நேரம் போகுது, வா' என்கிறா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பரமேஸ் எழும்பி, வேகமாக நடந்தார். கால்களையும் எடுத்தேன்.